மீட்டர் பொய் சொல்லுமா? ஒரு கெட்டிலும் நூறு சிமிட்டலும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்ததை வெட்டி, கணக்குகளைப் படிக்க வசதியாக மாற்றியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடை ஒரு மன்னிப்போட ஆரம்பிக்கணும். போன வருஷம் நான் ஒருத்தரைத் திருடன்னு நினைச்சேன். வாயால அந்த வார்த்தையைச் சொல்லல. ஆனா பேசின விதம் அப்படித்தான் இருந்துச்சு. அவர் வேற யாரும் இல்ல, என் வீட்டு ஓனர்.

மடிப்பாக்கத்துல ஒரு மாடி போர்ஷனுக்குக் குடி போனேன். கீழ ஓனர் அங்கிளும் ஆன்ட்டியும். கரண்டுக்கு மாடிக்குன்னு தனியா ஒரு சப் மீட்டர், யூனிட்டுக்கு எட்டு ரூபாய். பழைய வீட்டுல எனக்கு மாசம் 115, 120 யூனிட்தான் ஆகும். இங்க முதல் மாசம் 168, ரெண்டாவது மாசம் 172. அதே ஃபிரிட்ஜ், அதே ஃபேன், அதே லேப்டாப். ஏசி கிடையாது. ஆட்டோ மீட்டர்ல சூடு வைக்கிறதைப் பத்திக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரன் நான், வேற என்ன நினைப்பேன்?

கீழ போய் கேட்டேன். "அங்கிள், நம்ம மாடி மீட்டர் கொஞ்சம் வேகமா ஓடுது போலயே?" அவர் சொன்னார்: "தம்பி, அது புது மீட்டர். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கு. டிஜிட்டல் மீட்டர் தப்பு பண்ணாது." நான் சும்மா இருந்திருக்கலாம். "சாஃப்ட்வேர் எழுதுறவன்கிட்டயே டிஜிட்டல் தப்பு பண்ணாதுன்னு சொல்றீங்களே அங்கிள்"னு கேட்டுட்டேன். அவர் முகம் மாறிடுச்சு. அதுக்கப்புறம் ரெண்டு வாரம் மாடிப்படியில பார்த்தா தலையாட்டல் மட்டும்தான்.

இப்ப யோசிச்சா, அன்னைக்கு ரெண்டு பேர்கிட்டயும் ஆதாரம் இல்ல. அவர் முத்திரையைப் பார்த்து நம்பினார், நான் பில்லைப் பார்த்து நம்பல. மீட்டரை யாருமே சோதிக்கல. அதனால இன்னைக்குக் கேள்வி இதுதான்: ஒரு எலக்ட்ரானிக் மீட்டரை எந்த அளவுக்கு நம்பலாம், அதை எப்படித் தெரிஞ்சுக்கறது?

டிஸ்க்ல இருந்து சிப்புக்கு

நம்ம தாத்தா பாட்டி வீட்டு மீட்டர் ஞாபகம் இருக்கா? கண்ணாடிக்குப் பின்னாடி ஒரு அலுமினிய வட்டு சுத்திக்கிட்டே இருக்கும், ஓரத்துல ஒரு கருப்பு அடையாளம். அதுல ரெண்டு காயில். ஒண்ணு வோல்டேஜுக்கு, ஒண்ணு கரண்டுக்கு. ரெண்டும் சேர்ந்து வட்டைச் சுத்த வைக்கும், ஒரு காந்தம் பிரேக் மாதிரி இழுத்துப் பிடிக்கும். வீடு எவ்வளவு மின்சாரம் இழுக்குதோ அவ்வளவு வேகமா வட்டு சுத்தும்.

அந்த மீட்டருக்கு வயசானா என்ன ஆகும்? தூசி சேரும், பேரிங் தேயும், உராய்வு கூடும். பொதுவா வட்டு மெதுவாகும். மொபைல் சார்ஜர், டிவி ஸ்டாண்ட்பை மாதிரி சின்ன லோடுக்கு வட்டு அசையாமலே கூட நிக்கலாம். அதாவது பழைய மீட்டர் பல வீட்டுல நமக்குத் தெரியாமலே தள்ளுபடி கொடுத்துட்டு இருந்துச்சு. புது மீட்டர் மாட்டின மாசமே பில் ஏறுதுன்னு புகார் வர ஒரு காரணம் இது. புதுசு வேகமா ஓடுதுன்னு தோணும், ஆனா மெதுவா ஓடினது பழசா இருக்கலாம்.

எலக்ட்ரானிக் மீட்டர்ல சுத்துறதுக்கு எதுவும் இல்ல. வோல்டேஜை ரெசிஸ்டர் வரிசை மூலமா சின்னதாக்கி சிப்புக்குக் கொடுக்கறாங்க. கரண்டை அளக்க ஒரு சென்சார். நம்ம வீட்டு சிங்கிள் ஃபேஸ் மீட்டர்கள்ல பெரும்பாலும் அது ஷன்ட்: ரெசிஸ்டன்ஸ் துல்லியமாத் தெரிஞ்ச ஒரு சின்ன உலோகத் துண்டு. கரண்ட் போகும்போது அதுக்குக் குறுக்கே உருவாகிற மிகச் சின்ன வோல்டேஜை அளந்தா கரண்ட் தெரிஞ்சிடும். சிப் இந்த ரெண்டு எண்ணையும் செகண்டுக்கு ஆயிரக்கணக்கான முறை சாம்பிள் எடுத்து, பெருக்கி, கூட்டிக்கிட்டே போகும். ஒரு குறிப்பிட்ட அளவு சேர்ந்ததும் முன்பக்க எல்இடி ஒரு தடவை சிமிட்டும்.

அந்த சிமிட்டல் வெறும் அலங்காரம் இல்ல. ஆய்வுக்கூடத்துல மீட்டரைச் சோதிக்கிறதே அதை எண்ணித்தான். மீட்டர் முகப்புல "3200 இம்ப்"னு எழுதியிருந்தா, 3200 சிமிட்டல் சேர்ந்தா ஒரு யூனிட்னு அர்த்தம். சில மீட்டர்ல 1600 இருக்கும். இந்த எண்ணை ஞாபகம் வச்சுக்கோங்க, அப்புறம் வேலை இருக்கு.

சரியான மீட்டர்னா என்ன?

எந்த மீட்டரும் நூத்துக்கு நூறு சரியா இருக்காது. அதனால தரநிலைகள்ல "கிளாஸ்"னு ஒரு எல்லை வைக்கறாங்க. இந்தியாவுல மத்திய மின்சார ஆணையத்தோட 2006 மீட்டர் விதிமுறைப்படி, வீட்டு மீட்டர் கிளாஸ் 1 அல்லது அதைவிட மேலா இருக்கணும். அதாவது வழக்கமான லோடு அளவுல, குறிப்பிட்ட சோதனைச் சூழல்ல, பிழை கூட்டியோ குறைச்சோ 1 சதவீதத்துக்குள்ள இருக்கணும். மிகச் சின்ன லோடுக்கு எல்லை கொஞ்சம் தளர்வு.

1 சதவீதம்தானே, போகட்டும்னு தோணுது இல்ல? தமிழ்நாட்டு வீட்டுக் கட்டணத்துல ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 2022 செப்டம்பர்ல வந்த ரேட்டை எடுத்துக்கறேன். அதுக்கப்புறம் ரேட் மாறியிருக்கு.

ரெண்டு மாசத்துக்கு சரியா 500 யூனிட் ஓட்டினா: முதல் 100 இலவசம். அடுத்த 100, யூனிட்டுக்கு 2.25 வீதம் 225 ரூபாய். அடுத்த 200, 4.50 வீதம் 900. கடைசி 100, 6 ரூபாய் வீதம் 600. மொத்தம் 1725.

இப்ப மீட்டர் 1 சதவீதம் கூடக் காட்டுதுன்னு வச்சுக்கோங்க. 505 யூனிட். 500-ஐத் தாண்டினதும் அட்டவணையே மாறிடும். 2.25 ரூபாய் ஸ்லாப் காணாமப் போய், 101-ல இருந்து 400 வரை எல்லாமே 4.50. அது 1350. அதுக்கு மேல 100 யூனிட்டுக்கு 600. மிச்சம் 5 யூனிட் 8 ரூபாய் வீதம் 40. மொத்தம் 1990.

வித்தியாசம் 265 ரூபாய். அளவுல 1 சதவீதம் மாறினதுக்குப் பில்லுல 15 சதவீதம் ஏறிடுச்சு. இதுல மீட்டர் மேல குத்தம் சொல்ல முடியாது, அது விதிக்குள்ளதான் இருக்கு. குறைச்சுக் காட்டுற மீட்டர் இருக்கிற வீட்டுக்கு இதே அளவு லாபம். எல்லைக்கோட்டுல நிக்கிற வீட்டுக்கு மட்டும்தான் இந்த அடி. ஆனா "பில் இவ்வளவு ஏறிடுச்சே, மீட்டர்தான் கெட்டுப்போச்சு"ன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி பில்லுல ரூபாயைப் பார்க்காதீங்க, யூனிட்டைப் பாருங்க. ரூபாய் ஏறினதுக்கு அட்டவணையே காரணமா இருக்கலாம்.

என் கேஸ்ல இந்த விளக்கம் பொருந்தல. எனக்கு ஒரே ரேட். யூனிட்டே 50 கூடுது, கிட்டத்தட்ட 40 சதவீதம். கிளாஸ் 1 மீட்டர்ல 40 சதவீதம்னா அது பெரிய குத்தச்சாட்டு. அதுக்கு ஆதாரம் வேணும்.

கெட்டில் டெஸ்ட்

ஒரு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்தேன். நீங்களும் செய்யலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: மீட்டரைத் திறக்காதீங்க, சீலைத் தொடாதீங்க, ஒயரைத் தொடாதீங்க. நமக்கு வேண்டியது அந்த எல்இடி மட்டும்தான். கண்ணால பார்த்தா போதும்.

முதல் படி, போர்ஷன் மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டு மீட்டரைப் பார்க்கறது. எதுவும் ஓடாதபோது சிமிட்டல் நிக்கணும். நின்னுச்சு. பத்து நிமிஷம் பார்த்தேன், ஒண்ணும் இல்ல.

ரெண்டாவது படி, தெரிஞ்ச ஒரு லோடு. ஃபிரிட்ஜ் உட்பட எல்லாத்தையும் பிளக்ல இருந்து எடுத்துட்டு, எலக்ட்ரிக் கெட்டில் ஒண்ணை மட்டும் போட்டேன். அதுல 1500 வாட்னு எழுதியிருக்கு. இங்கதான் நிறைய பேர் சறுக்குவாங்க. அந்த 1500, 230 வோல்ட்டுக்கான எண். கெட்டில் மாதிரி ஹீட்டர்ல வாட், வோல்டேஜோட வர்க்கத்துல மாறும். லைன்ல 210 வோல்ட்தான் வந்தா, அதே கெட்டில் 1250 வாட்தான் இழுக்கும். லேபிளை நம்பினா மீட்டர் மெதுவா ஓடுதுன்னு தப்பா முடிவு பண்ணிடுவீங்க.

அதனால பிளக்ல மாட்டுற ஒரு சின்ன பவர் மீட்டரை நண்பன்கிட்ட வாங்கினேன். அன்னைக்கு வோல்டேஜ் 221, கெட்டில் இழுத்தது 1385 வாட்.

மூணாவது படி, எண்ணுறது. மொபைல்ல மீட்டரை வீடியோ எடுத்தேன். ஏன் வீடியோ? கண்ணால எண்ணினா நடுவுல தப்பும். 100 சிமிட்டலுக்கு எவ்வளவு நேரம்னு வீடியோவுல பார்த்தா தெளிவா இருக்கும். எனக்கு 81 செகண்ட்.

கணக்கு இதுதான். 3200 சிமிட்டல் ஒரு யூனிட்னா, ஒரு சிமிட்டலுக்கு எத்தனை செகண்ட்னு பார்த்து 1125-ஐ அதால வகுத்தா வாட் கிடைக்கும். 1600 மீட்டர்னா 1125-க்குப் பதிலா 2250. என் கேஸ்ல ஒரு சிமிட்டல் 0.81 செகண்ட். 1125-ஐ 0.81-ஆல வகுத்தா 1389 வாட். பிளக் மீட்டர் சொன்னது 1385.

வித்தியாசம் அரை சதவீதத்துக்கும் கீழ. இதை வச்சு மீட்டர் அரை சதவீதத்துக்குள்ள துல்லியம்னு சொல்லிட முடியாது, ஏன்னா அந்த பிளக் மீட்டரே எந்த ஆய்வுக்கூடத்துலயும் சரிபார்த்தது இல்ல. வீட்டுச் சோதனையில ரெண்டு மூணு சதவீத வித்தியாசம் வந்தா அதுக்கு அர்த்தமே கிடையாது. 10 சதவீதம் வந்தா கவலைப்படலாம். 40 சதவீதம்னா கண்டிப்பா பிடிபட்டிருக்கும்.

பிடிபடல. மீட்டர் பாஸ்.

உண்மையைச் சொல்றேன், எனக்கு ஏமாத்தமா இருந்துச்சு. அங்கிள் தப்புன்னு நிரூபிக்கத்தான் அத்தனையும் பண்ணேன்.

காலை ஆறரை மணி

மறுநாள் காலையில பால் பாக்கெட் எடுக்கக் கீழ இறங்கினேன். மாடிப்படிக்குக் கீழதான் மீட்டர் பாக்ஸ். எல்இடி விறுவிறுன்னு சிமிட்டிட்டு இருக்கு. மேல ஃபேனும் ஃபிரிட்ஜும் மட்டும்தான் ஓடுது. இவ்வளவு வேகம் எதுக்கு? பக்கத்துல இன்னொரு சின்ன சிவப்பு லைட்டும் எரியுது. அதை நேத்து நான் பார்க்கவே இல்ல. "இ/எல்"னு எழுதியிருந்துச்சு.

அந்த லைட் என்னன்னு சொல்லிடறேன், உங்க மீட்டர்லயும் இருக்கலாம். ஃபேஸ் ஒயர்ல உள்ள போற கரண்டும் நியூட்ரல்ல திரும்பி வர்ற கரண்டும் சமமா இருக்கணும். நம்ம ஊர் மீட்டர் பலதுல ரெண்டையும் தனித்தனியா அளக்க ரெண்டு சென்சார் இருக்கு. சமமா இல்லைன்னா இந்த லைட் எரியும். அப்ப எங்கயோ எர்த்துக்குக் கசியுது, இல்லைன்னா ஒயரிங்ல யாரோ நியூட்ரலை வேற இடத்துல இருந்து எடுத்திருக்காங்க.

மேல ஓடிப்போய் மெயினை ஆஃப் பண்ணிட்டு வந்து பார்த்தேன். இன்னும் சிமிட்டுது. நிதானமா, செகண்டுக்கு ஒண்ணு. 1125-ஐ 1-ஆல வகுத்தா 1125 வாட். அப்பதான் காதுல விழுந்துச்சு, பின்பக்கம் சம்ப்ல மோட்டார் ஓடுற சத்தம். ஒரு எச்பி மோட்டார் ஏறத்தாழ அவ்வளவுதான் இழுக்கும். மோட்டார் நின்னதும் சிமிட்டல் நின்னுச்சு, சிவப்பு லைட்டும் அணைஞ்சுச்சு.

காலையில முக்கால் மணி நேரம், சாயங்காலம் முக்கால் மணி நேரம் மோட்டார் ஓடும். ஒரு நாளைக்கு 1.7 யூனிட், மாசம் 50. நான் தேடிட்டு இருந்த அதே 50.

அங்கிளைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாம நின்னார். அப்புறம் சொன்னார், சில வருஷம் முன்னாடி மோட்டார் ஸ்டார்ட்டர் மாத்தும்போது எலக்ட்ரீஷியன் கிட்டத்துல இருந்த லைன்ல இருந்து ஃபேஸ் எடுத்திருப்பார் போலன்னு. அது மாடிக்குப் போற லைன், என் மெயின் ஸ்விட்சுக்கு முன்னாடி. நியூட்ரல் மட்டும் கீழ் வீட்டு போர்டுல இருந்து. என் முதல் டெஸ்ட்ல ஏன் தெரியலன்னா, நான் சோதிச்சது பகல் பதினொரு மணிக்கு. அப்ப மோட்டார் ஓடல.

அந்த வாரமே சரி பண்ணிட்டார். ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட், 800 ரூபாயைக் கழிச்சுக்கச் சொன்னார். தண்ணி நானும்தானே பிடிக்கிறேன், பாதி போட்டுக்கலாம்னேன். "மோட்டார் என் கணக்கு தம்பி"ன்னுட்டார். நான் அன்னைக்குப் பேசினதுக்கு மன்னிப்பு கேட்டேன். "நீ கேக்கலைன்னா எனக்கும் தெரிஞ்சிருக்காது"ன்னார். ஆன்ட்டி காபி கொடுத்தாங்க. அதோட அந்த விவகாரம் முடிஞ்சுது.

மீட்டர் அளந்தது சரி. யாரோட கரண்டை அளந்ததுங்கறதுலதான் தப்பு. பில் கூட வந்தா மீட்டர், ஒயரிங், ரீடிங் எழுதினது, கட்டண அட்டவணை, நம்ம உபயோகம்னு ஐந்து இடம் தேடணும். நான் முதல் இடத்துல மட்டும் நின்னுட்டேன்.

கலிஃபோர்னியாவுல நடந்தது

இதே மாதிரி ஒரு ஊரே நின்ன கதை இருக்கு. 2009-ல அமெரிக்காவுல கலிஃபோர்னியா மாநிலத்துல பேக்கர்ஸ்ஃபீல்டுங்கற ஊர். பிஜி&இ நிறுவனம் ஸ்மார்ட் மீட்டர் மாட்டினதும் பில் எகிறிடுச்சுன்னு மக்கள் கொதிச்சுப் போய், வழக்கு வரைக்கும் போனாங்க. மாநிலத்தோட ஒழுங்குமுறை ஆணையம் வெளியில இருந்து ஒரு ஆலோசனை நிறுவனத்தைச் சோதிக்க வச்சுது. 2010 செப்டம்பர்ல அறிக்கை வந்துச்சு. மீட்டர்கள் துல்லியமாத்தான் இருக்கு. மீட்டர் மாத்தின சமயத்துல கடும் வெயில், கூடவே கட்டண உயர்வு. அதோட, புகார் சொன்னவங்களுக்கு நிறுவனம் ஒழுங்கா விளக்கம் சொல்லலன்னும் அறிக்கை கண்டிச்சுது.

அந்தக் கடைசி விஷயத்தைக் கவனிங்க. மீட்டர் சரியாவே இருந்தாலும், அதைச் சரின்னு காட்ட ஒரு வழி இல்லைன்னா ஜனங்க நம்ப மாட்டாங்க. நம்பாதது தப்பும் இல்ல.

ஆனா கெட்டில் பாஸ் ஆனா போதுமா?

இங்க எபிசோடை முடிச்சிருந்தா "மீட்டர் எப்பவும் சரி"ங்கற முடிவோட போயிருப்பீங்க. அது தப்பு. இப்ப எதிர்ப்பக்கக் கதை.

நெதர்லாந்துல ட்வென்டே பல்கலைக்கழகத்துல ஃபிராங்க் லெஃபரிங்க்னு ஒரு பேராசிரியர். மின்காந்த இடையூறு அவரோட துறை. அவரோட குழு 2004-ல இருந்து 2014 வரை தயாரான ஒன்பது எலக்ட்ரானிக் மீட்டர்களைச் சோதிச்சுது. 2017-ல இது பெரிய செய்தி ஆச்சு. ஒன்பதுல ஐந்து மீட்டர் உண்மையைவிடக் கூடக் காட்டுச்சு. சில அமைப்புல 582 சதவீதம் வரைக்கும் கூட. ரெண்டு மீட்டர் 30 சதவீதம் வரை குறைச்சுக் காட்டுச்சு.

எப்படி? அவங்க கெட்டில் மாதிரி நல்ல பிள்ளை லோடை மட்டும் கொடுக்கல. சிஎஃப்எல், எல்இடி பல்புகளை டிம்மரோட சேர்த்து மாட்டினாங்க. கெட்டில் இழுக்கிற கரண்ட், வோல்டேஜ் மாதிரியே அழகான அலை. டிம்மர் போட்ட பல்பு அப்படி இல்ல. கரண்ட் கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு திடீர்னு செங்குத்தா ஏறி இறங்கும். வாட் கம்மிதான், ஆனா மாற்றம் ரொம்ப வேகம்.

கூடக் காட்டின மீட்டர்கள்ல இருந்த சென்சார் பேர் ரோகோவ்ஸ்கி காயில். ஒயரைச் சுத்தி, நடுவுல இரும்பு இல்லாத ஒரு சுருள். அது கரண்டை நேரா அளக்காது, கரண்ட் எவ்வளவு வேகமா மாறுதுங்கறதை அளக்கும். அதுல இருந்து கரண்டை மீட்டர் கணக்குப் போட்டு எடுக்கும். செங்குத்தா ஏறுற கரண்டுக்கு இந்த சுருள் பெரிய சிக்னல் கொடுக்கும். அந்த அதிர்ச்சியைப் பின்னாடி இருக்கிற சர்க்யூட் சரியாத் தாங்கலைன்னா கணக்கு கெட்டுப்போகும்.

அந்த மீட்டர்கள் போலி மால் கிடையாது. முறையா அனுமதி பெற்றவை. அப்ப இருந்த தரச் சோதனை பெரும்பாலும் அழகான அலையை வச்சுப் பார்த்துச்சு, அதுல பாஸ். சோதிக்காததுல ஃபெயில்.

சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது நல்லாப் புரியும். நம்ம எழுதின டெஸ்ட் எல்லாம் பச்சை. ஆனா டெஸ்ட்ல வராத ஒரு இன்புட் புரொடக்‌ஷன்ல வரும், அன்னைக்கு ராத்திரி போன் அடிக்கும். டெஸ்ட் பாஸ் ஆனதுக்கு "சோதிச்ச வரைக்கும் சரி"ன்னு மட்டும்தான் அர்த்தம். ஐஎஸ்ஐ முத்திரைக்கும் அதே அர்த்தம்தான். என் கெட்டில் டெஸ்ட்டுக்கும் அதே அர்த்தம்தான். கெட்டிலை வச்சுப் பார்த்திருந்தா, அந்த டச்சு மீட்டர்களும் பாஸ் ஆகியிருக்கும்.

இது ஆய்வுக்கூடத்துல வேணும்னே உருவாக்கின சூழல், வீட்டுல இப்படி நடக்காதுன்னு எதிர்ப்பு வந்துச்சு. நியாயமான எதிர்ப்புதான். அதுக்கப்புறம் அதே குழு கடையில விக்கிற ஒரு தண்ணி பம்பை வச்சும் பெரிய பிழையைக் காட்டுச்சு. ஐரோப்பிய அளவியல் நிறுவனங்கள் சேர்ந்து, உண்மையான வீட்டு உபகரணங்களோட அலை வடிவத்தை வச்சு மீட்டரை எப்படிச் சோதிக்கறதுன்னு ஒரு கூட்டு ஆராய்ச்சியே நடத்தினாங்க.

இதைக் கேட்டுட்டு "நம்ம மீட்டரும் 582 சதவீதம் ஓடுது"ன்னு வாட்ஸ்அப்ல போட்டுடாதீங்க. அது குறிப்பிட்ட சென்சார், குறிப்பிட்ட லோடு சேர்ந்தப்ப வந்த உச்சம். ஷன்ட் வச்ச மீட்டர்ல இதே கோளாறு இதே அளவுல வரும்னு சொல்ல முடியாது. ஆனா நம்ம வீட்டு லோடு மாறிட்டே வருது. பிஎல்டிசி ஃபேன், எல்இடி, இன்வெர்ட்டர் ஏசி, லேப்டாப் சார்ஜர், இது எதுவும் கெட்டில் மாதிரி கரண்ட் இழுக்காது. லோடு மாறும்போது சோதனையும் மாறணும்.

வயசான மீட்டர்

துல்லியமும் நம்பகத்தன்மையும் ஒண்ணு இல்ல. இன்னைக்குச் சரியா அளக்குதாங்கறது துல்லியம். எட்டு வருஷம் வெயில், இடி, ஈரம், வோல்டேஜ் ஏத்த இறக்கம் எல்லாம் தாண்டி அப்படியே அளக்குமாங்கறது நம்பகத்தன்மை. உள்ள இருக்கிற கெபாசிட்டர் காயலாம், டிஸ்ப்ளே மங்கலாம், டெர்மினல் லூசாகிக் கருகலாம்.

ஜெர்மனியில இதுக்கு ஒரு நல்ல வழி வச்சிருக்காங்க. பழைய வட்டு மீட்டருக்கு 16 வருஷம், எலக்ட்ரானிக் மீட்டருக்கு 8 வருஷம் காலக்கெடு. அதுக்கு மேல ஓட்டணும்னா, ஒரே வகை மீட்டர்கள்ல இருந்து சிலதை சாம்பிளா கழட்டிச் சோதிப்பாங்க. பாஸ் ஆனா அந்தக் கூட்டம் முழுசுக்கும் காலம் நீட்டிப்பு, இல்லைன்னா எல்லாத்தையும் மாத்தணும். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தனியாச் சண்டை போட வேண்டியதில்ல. பழைய மீட்டருக்குத்தான் அதிக காலம் கொடுத்திருக்காங்கங்கறதையும் கவனிங்க.

ஸ்மார்ட் மீட்டர் வந்தா எல்லாம் சரியாகிடுமான்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஸ்மார்ட்ங்கறது பேசற பகுதி. அளக்கிற பகுதி கிட்டத்தட்ட இதே சென்சார், இதே சிப். துல்லியம் தானா கூடிடாது. ஆனா ஒரு பெரிய நன்மை இருக்கு: கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒரு தடவை உபயோகத்தைப் பதிவு பண்ணும். அந்த வரைபடம் மட்டும் என் கையில இருந்திருந்தா, காலையிலயும் சாயங்காலமும் ரெண்டு மேடு தெரிஞ்சிருக்கும். கெட்டிலும் தேவைப்பட்டிருக்காது, அங்கிள்கிட்ட வாயும் விட்டிருக்க மாட்டேன். ஆனா அந்தத் தரவு நம்ம கைக்கு வரணும். மீட்டருக்குள்ளயே பூட்டி வச்சா பிரயோஜனம் இல்ல.

சந்தேகம் வந்தா என்ன பண்ணலாம்?

சுருக்கமா வரிசை சொல்றேன்.

முதல்ல யூனிட்டை ஒப்பிடுங்க, போன வருஷம் இதே மாசத்தோட. பில்லுல இருக்கிற ரீடிங்கும் மீட்டர்ல இருக்கிற ரீடிங்கும் ஒத்துப்போகுதான்னு பாருங்க. ரீடிங்கை மாசா மாசம் போட்டோ எடுத்து வையுங்க, தேதியோட இருக்கும்.

அடுத்து மெயினை ஆஃப் பண்ணிட்டு எல்இடியைப் பாருங்க. ஒரே ஒரு நேரத்துல இல்ல, காலை, மதியம், ராத்திரின்னு மூணு நேரத்துல. நான் பண்ணின தப்பை நீங்க பண்ணாதீங்க. இ/எல் லைட் எரிஞ்சா எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. அது பில் பிரச்சினை மட்டும் இல்ல, ஷாக் அடிக்கிற பிரச்சினையாவும் இருக்கலாம்.

அதுக்கப்புறம் கெட்டில் டெஸ்ட். பெரிய வித்தியாசம் தெரிஞ்சா வீடியோவையும் கணக்கையும் வச்சு எழுத்துல புகார் கொடுங்க. இது மின்வாரியம் மாட்டின மீட்டருக்கு. மத்திய அரசோட மின் நுகர்வோர் உரிமை விதிகள்ல 2024 பிப்ரவரியில ஒரு திருத்தம் வந்திருக்கு. மீட்டர் காட்டுறது உண்மையான உபயோகத்தோட ஒத்துப்போகலன்னு புகார் கொடுத்தா, ஐந்து நாளுக்குள்ள கூடுதலா ஒரு மீட்டர் மாட்டி, குறைஞ்சது மூணு மாசம் ரெண்டையும் ஒப்பிடணும்னு அது சொல்லுது. எனக்கு இந்த விதி ரொம்பப் பிடிச்சிருக்கு. ஏன்னா அது நம்ம வீட்டு லோடை வச்சே, நம்ம மோட்டார், நம்ம பல்பு, நம்ம ஃபேனை வச்சே சோதிக்குது. கெட்டிலால முடியாதது அதுதான்.

சப் மீட்டருக்கு அந்த வழி கிடையாது. அங்க ஓனரும் நீங்களும்தான். அதனால சந்தேகம் வந்தா ஓனரையும் கூப்பிட்டு வச்சே சோதிங்க. ரெண்டு பேரும் சேர்ந்து 100 சிமிட்டல் எண்ணுங்க. யாரையும் குத்தம் சொல்லாம ஆரம்பிக்க அதுதான் நல்ல வழி. எனக்கு அது ரெண்டு மாசம் லேட்டாப் புரிஞ்சுது.

இந்த வாரம் உங்க மீட்டர்ல எத்தனை இம்ப், கெட்டிலுக்கு எத்தனை செகண்ட் ஆச்சுன்னு எண்ணிப் பார்த்து எங்களுக்கு அனுப்புங்க. வித்தியாசம் கம்மின்னாலும் அனுப்புங்க, சரியா இருக்கிற மீட்டரும் ஒரு செய்திதான். அடுத்த எபிசோட்ல பார்க்கலாம். வர்றேன் மக்களே.